மகளின் முதுமாணியும் மாடு வாங்க வந்தவரும்

லோவர்டன் தோட்டம்,
கீழ்ப்பிரிவு,
டிக்கோயா.

மஸ்கெலியாவில் இரும்புக்கடை நடத்திவரும் என் மரியாதைக்குரிய கறுப்பையா மச்சான் அவர்களுக்கு,

தங்கள் தங்கையின் கணவன் கந்தப்பன் பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கு யாவரும் சுகம் என்று முதலில் எழுதுவதுதான் முறை, எழுதிவிட்டேன். அங்கே அக்காவும் பிள்ளைகளும் கடையும் குறைவில்லாமல் இருக்க வேண்டும் என்று நம் தோட்டத்து மாரியம்மனை வேண்டிக்கொண்டு, இனி உண்மைக்கு வருகிறேன்.

கையில் போன் இருக்க இந்த மனுஷன் எதற்குத் தாளில் எழுதுகிறான் என்று நினைப்பீர்கள். மச்சான், நீங்கள் கடையில் போனை ஸ்பீக்கரில் போட்டு, தராசுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, ஆணி நிறுத்துக்கொண்டே பேசுகிறவர். போன முறை என் மூலக்கடுப்பைப் பற்றி உங்களிடம் மட்டும் சொன்னேன், அந்தப் பக்கத்திலிருந்து ஆணி வாங்க வந்த யாரோ ஒருவர் மருந்து சொன்னார். மருந்து நல்ல மருந்துதான், அதை இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் இது பிள்ளையின் கல்யாண விஷயம். ஆகவே நான் பஸ் ஓட்டிய காலத்தில் என்னோடு இருந்த கண்டக்டர் ஒருவரின் கையில், மஸ்கெலியா பஸ்ஸில், இதைக் கொடுத்து அனுப்புகிறேன். கூடவே ஒரு கறுப்புக் குடையும் வரும். அது யாருடையது என்பது வாசிக்க வாசிக்கத் தெரியும். இப்போதைக்கு அதை விரிக்க வேண்டாம், ஒரு கம்பி கழன்றிருக்கிறது, அது நான் செய்ததல்ல.

நீங்கள் பேசிக் கொண்டுவந்த நானுஓயா சம்பந்தத்தில் ஜாதகம் பொருந்தியது, பையன் பிரதாப்பின் படம் வந்தது, வங்கி உத்தியோகம், நல்ல முகவெட்டு, எல்லாம் சரி. பையனின் தகப்பன் செல்லசாமி ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர், தங்கமான மனிதர் என்று சொன்னீர்கள். நானும் அவரும் இன்னும் முகம் பார்த்ததில்லை. இனிப் பார்ப்போமா என்பதும் சந்தேகம், ஏனென்றால் போன வாரம் அவர்கள் ஆள் வந்து விசாரித்துப் போனதிலிருந்து அங்கிருந்து ஒரு சத்தமும் இல்லை. நீங்களோ "அங்க என்னத்தைச் செஞ்சு தொலைச்சீங்க?" என்று எனக்குச் செய்தி அனுப்பியிருக்கிறீர்கள். நான் ஒன்றும் செய்யவில்லை மச்சான். எல்லாம் செய்தது என் மகள், உங்கள் மருமகள், சுலக்ஷனாதான். அதுவும் இல்லை, அவளுடைய படிப்புதான்.

அந்தப் படிப்பு என்ன படிப்பு என்று உங்களுக்கும் சரியாகத் தெரியாது, கேட்க வெட்கப்பட்டுக்கொண்டு "மருமக படிக்குது" என்று சமாளிக்கிறீர்கள் என்பது எனக்குத் தெரியும், நானும் அப்படித்தான் இருந்தேன். நூலகத் தகவல் விஞ்ஞானத்தில் முதுமாணி. வாரநாளில் ஹட்டனில் பாடசாலை நூலகத்தில் வேலை, சனி ஞாயிறு பஸ்ஸேறிப் போய் பல்கலைக்கழகத்தில் வகுப்பு, இப்போது ஆய்வுக்காக லீவு போட்டுவிட்டு வீட்டில் இருக்கிறாள். ஆரம்பத்தில் கேட்டவர்களிடம் உள்ளபடி சொன்னேன். "புத்தகம் அடுக்கவா அண்ணே ரெண்டாவது டிகிரி?" என்று சிரித்தார்கள். கோபம் வந்து, கம்ப்யூட்டர் படிப்பு என்று மாற்றிச் சொன்னேன், மறுநாளே லயத்து வரிசை வீடுகளில் இருந்த பழுதான போன் எல்லாம் எங்கள் வாசலுக்கு வந்துவிட்டது. அதன் பிறகு மேல்படிப்பு என்று மட்டும் சொல்லி மேலே கையைக் காட்டிவிடுவேன். கடைசியில் ஒரு நாள் அவளிடமே கேட்டேன். "அப்பா, ஒரு ஆளுக்கு என்ன தெரிஞ்சுக்கணும், அதை அவரு யார்கிட்டப் போய்க் கேட்கிறாரு, கிடைச்சது சரியா பிழையான்னு எப்படி முடிவு பண்றாரு, இதுதான் படிப்பு. புத்தகம் அதுல ஒரு பகுதி" என்றாள். இதைப் படிக்கவா இவ்வளவு தூரம் பஸ்ஸில் போகிறாய் என்று வாய் வரை வந்தது, விழுங்கிக்கொண்டேன்.

அந்தப் படிப்பு வீட்டுக்குள் வந்ததும் என்ன நடந்தது தெரியுமா? "அம்மாடி, என் கண்ணாடி எங்க?" என்று கேட்டேன். சாதாரணப் பிள்ளை என்றால் ஜன்னல் ஓரத்தில் என்று சொல்லும், இல்லாவிட்டால் தெரியாது என்று சொல்லும். இவள், "அப்பா, கடைசியா எதை வாசிக்கப் போட்டீங்க?" என்றாள். பத்திரிகை என்றேன். "பத்திரிகையில எதைத் தேடுனீங்க?" மரண அறிவித்தல் என்றேன். "யாரோடதையாவது எதிர்பார்த்தீங்களா, இல்ல பொதுவாவா?" நான் பொதுவாகத்தான் பார்ப்பேன் மச்சான், என் வயதுக்காரர்கள் யாராவது என்று. அதற்குப் பிறகு அன்றைக்கு எங்கே உட்கார்ந்தேன், வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வந்தது என்றெல்லாம் விசாரித்து, மாட்டுப்பட்டியில் தொங்கிய என் பழைய கோட்டுப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்துக் கொடுத்தாள். கிடைத்துவிட்டது, மறுக்கவில்லை. ஆனால் அதற்குள் எதை வாசிக்கத் தேடினேன் என்பது எனக்கு மறந்துபோய்விட்டது.

இப்போது அவள் எழுதும் ஆய்வேடு, தோட்டத்து மக்கள் தகவல் தேடும் விதத்தைப் பற்றியது. கொழுந்து நிறுக்கிற மடுவத்தில் ஒரு பலகையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து, தளிர் நிறுத்து முடித்த ஆட்களைக் கூப்பிட்டு, "கடைசியா என்ன தெரிஞ்சுக்க வேண்டியிருந்துச்சு? யார்கிட்டக் கேட்டீங்க? கிடைச்ச பதில் திருப்தியா?" என்று கேட்டு எழுதுவாள். எங்கள் அடுத்த லயத்து வேலாயி, அதுதான் தண்ணீர்க் குழாய்க்காக வருஷக்கணக்காக எங்களோடு சண்டை பிடிக்கிறாளே, அவள் சொன்ன பதில், "குழாயில தண்ணி எப்ப வரும்னு தெரியணும், உங்கப்பன்கிட்டத்தான் கேட்டேன், திருப்தி இல்ல." அதையும் அப்படியே எழுதியிருக்கிறாள் இந்தப் பிள்ளை. பேராசிரியர் வாசிப்பாரே என்ற எண்ணம் கொஞ்சமாவது வேண்டாமா?

இனி விசாரிப்புக்கு வருவோம். நம் பக்கத்தில் பெண் பார்க்க முறையாக வருவதற்கு முன்னால், மாப்பிள்ளை வீட்டு ஆள் ஒருவர் வேறு ஏதோ வேலையாக வந்த மாதிரி வந்து, கடையில் ஒரு பிளேன்டீ குடித்து, கோயிலில் ஒரு கும்பிடு போட்டு, குடும்பம் எப்படி, பிள்ளை எப்படி என்று காதும் காதும் வைத்த மாதிரிக் கேட்டுப் போவார். நாமும் அவர் யார் என்று தெரியாத மாதிரியே இருப்போம். உங்கள் தங்கையை எனக்குப் பார்த்தபோது எங்கள் சித்தப்பா கூடை வாங்க வந்தவராக உங்கள் லயத்துக்கு வந்தது ஞாபகம் இருக்கும். ஆகவே நான் முன்னேற்பாடாக எல்லாரையும் தயார் பண்ணினேன். கடைக்காரருக்கும் கோயில் தலைவருக்கும் சொல்லிக் கொடுத்தேன்: பிள்ளை அடக்கமானது, அதிர்ந்து பேசாது, ரொட்டி சுட்டால் வட்டமாக வரும், படிப்பு முடிந்த மாதிரித்தான். கடைசியில் சொன்னது முக்கியம் மச்சான், ஏனென்றால் கல்யாணத்துக்குப் பிறகும் என்ன படிப்பு என்று பையனின் தாய் கேட்டதாக நீங்கள்தானே சொன்னீர்கள். இவளோ படிப்பை முடித்த பிறகுதான் தாலி என்று ஒற்றைக் காலில் நிற்கிறாள். இன்னும் ஒரு வருஷம் கிடக்கிறது. நான் என்ன செய்யட்டும்? முடிந்த மாதிரி என்றுதான் சொல்ல முடியும், முடிந்துவிட்டது என்று சொல்லவில்லையே. கடைக்காரர் அதை மனப்பாடம் பண்ணி, ஆள் அடையாளம் தெரியாததால் வருகிற புது முகத்துக்கெல்லாம் ஒப்பித்தார். பாண் வண்டிக்காரர் கேட்டுவிட்டு, அவர் மகனுக்கு ஜாதகம் கேட்டு அனுப்பியிருக்கிறார், அது வேறு தனிக்கதை.

போன வாரம் உங்கள் தங்கை கிளினிக்குக்கு டவுனுக்குப் போன நேரத்தில் வாசலில் ஒருவர் வந்து நின்றார். கழுத்தில் மஃப்ளர், சிரித்தால் மேல்வரிசையில் ஒரு தங்கப்பல், காலில் நன்றாகத் துடைத்த சப்பாத்து. "இந்தப் பக்கம் பால் மாடு ஏதும் விலைக்கு இருக்குங்களா?" என்றார். நான் எத்தனை வருஷம் இந்த வளைவுகளில் வண்டி ஓட்டியவன், எதிரே வருவது லொறியா காரா என்று ஹோர்ன் சத்தத்திலேயே சொல்வேன். துடைத்த சப்பாத்தோடு மாடு வாங்க எவன் வருவான்? இவர்தான் அந்த ஆள் என்று உடனே பிடித்துவிட்டேன். பேரைக் கேட்டேன். "மாட்டுக்காரன்னு வச்சுக்குங்களேன்" என்று தங்கப்பல் தெரியச் சிரித்தார். சந்தேகமே இல்லை என்று ஆகிவிட்டது.

எங்களிடம் விற்க மாடு இல்லை மச்சான். சிவப்பி ஒன்றுதான், அதுவும் உங்கள் தங்கையின் செல்லம். ஆனால் இல்லை என்று சொன்னால் மனிதர் வாசலோடு திரும்பிவிடுவாரே, வீட்டைப் பார்க்க வேண்டாமா, சுவரில் மகளின் பட்டமளிப்புப் படத்தைப் பார்க்க வேண்டாமா? ஆகவே "இருக்கே!" என்றேன். மாட்டைக் காட்டினேன், அவர் அதன் பல்லையோ மடியையோ பார்க்கவில்லை, சுவரில் இருந்த படத்தைத்தான் பார்த்தார். எனக்கு உச்சி குளிர்ந்தது. உட்கார வைத்து, முட்டையிடுகிற கோழியைப் பிடித்து அடித்து, நானே குழம்பு வைத்து, ரொட்டி சுட்டுப் போட்டேன். அடக்கம், அதிர்ந்து பேசாதது, படிப்பு முடிந்த மாதிரி என்று எல்லாவற்றையும் நானே சொன்னேன். ரொட்டி வட்டமாக இல்லையே என்று பார்த்தார், இது நான் சுட்டது, மகள் சுட்டால் வட்டம் என்றேன். சாப்பிட்டு முடித்து, "சரிங்க, மாட்டைப் பத்தி யோசிச்சுச் சொல்லி அனுப்புறேன்" என்று எழுந்தார். அங்கேதான் நான் பிரேக்கைப் போட்டிருக்க வேண்டும். சம்பந்தி வீட்டு ஆளை வெறுங்கையோடு அனுப்பலாமா என்று தோன்றி, "யோசிக்க என்னங்க இருக்கு, இப்பவே கொண்டு போங்க" என்று, அவர் வேண்டாம் வேண்டாம் என்னும்போதே பழைய டிப்போ சிநேகிதனின் லொறியைக் கூப்பிட்டு, சிவப்பியை ஏற்றி, அவரையும் பக்கத்தில் ஏற்றி அனுப்பினேன். விலையும் பாதிதான் சொன்னேன். மாட்டுக்கு ஏதாவது என்றால் பேச நம்பர் வாங்கி வைத்துக்கொண்டேன். வளைவு திரும்பும் வரை அவர் என்னையே திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு போனார். பாசம் என்று நினைத்தேன்.

உங்கள் தங்கை பின்னேரம் வந்தாள். பட்டியில் மாடு இல்லை, கூட்டில் கோழி இல்லை. நான் நடந்ததைச் சந்தோஷமாகச் சொல்லத் தொடங்கினேன். பாதியிலேயே கையை நீட்டி நிறுத்தச் சொன்னாள். அன்றையிலிருந்து என்னோடு பேச்சு இல்லை. சோறு வைக்கிறாள், தட்டைத் தள்ளுகிற சத்தத்தில் எவ்வளவு கோபம் என்று கணக்குப் பண்ணிக்கொள்கிறேன்.

அது போகட்டும், சம்பந்தம் கைகூடினால் சரி என்று இருந்தேன். அப்போதுதான் வேலாயி வந்தாள். வாசலில் அவளை நான் சண்டைக்கல்லாமல் பார்த்ததே இல்லை.

"அண்ணே, மாப்பிள்ளை வீட்டுல இருந்து விசாரிக்க வந்தாங்கல்ல?" என்றாள்.

"வந்தாங்க. சாப்பிட்டுத்தான் போனாங்க" என்றேன் பெருமையாக.

"என்னாது, சாப்பிட்டா? அந்தாளு ஒரு வாய்த் தண்ணிகூடக் குடிக்காமல்ல ஓடுனாரு. ஒல்லியா, கறுப்புக் குடை வச்சிக்கிட்டு. மடுவத்துல நம்ம புள்ளகிட்ட வந்து குந்துனாருண்ணே. நான்தான் அடுத்த ஆளு, பக்கத்துலயே இருந்தேன்."

வேலாயி சொன்னதை அவள் சொன்னபடியே எழுதுகிறேன். அந்த மனிதர் வந்து, இது ஏதோ அரசாங்கக் கணக்கெடுப்பு என்று நினைத்து உட்கார்ந்திருக்கிறார். உங்கள் மருமகள் வழக்கம்போல, "ஐயா, இப்ப உங்களுக்கு என்ன தெரிஞ்சுக்கணும்?" என்று கேட்டிருக்கிறாள்.

"இந்தத் தோட்டத்துல ஒரு பொண்ணைப் பத்தித் தெரியணும் தங்கச்சி. நான் பையனோட தாய்மாமன் சிவசாமி. ரகசியம், யாருக்கும் சொல்லிறாதீங்க."

"சொல்ல மாட்டேன். பொண்ணு பேரு?"

"சுலக்ஷனா."

"நம்ம புள்ள பேனாவை வச்சதும் இல்ல, முகம் மாறுனதும் இல்லண்ணே" என்கிறாள் வேலாயி. "எதைப் பத்தித் தெரியணும், குணமா, படிப்பா, குடும்பமான்னு ஒன்னொன்னாக் கேட்டுச்சு. அந்தாளு எல்லாந்தான்னாரு. கடைக்காரர் நல்ல மாதிரிச் சொன்னாருன்னாரு. அதுக்கு நம்ம புள்ள, 'கடைக்காரர் சொல்றதை மட்டும் வச்சு முடிவு பண்ணாதீங்க ஐயா, பொண்ணோட அப்பா அவருக்குச் சொல்லிக் குடுத்திருக்காரு. கோயில் தலைவரும் அப்படித்தான். அந்த வீட்டோட ஆகாதவங்க யார்கிட்டயாவதும் கேக்கணும், இந்தா, வேலாயி அக்கா இருக்காங்க'ன்னு என்னையக் கையைக் காட்டிருச்சு!"

மச்சான், என் மகள், நான் பெற்ற மகள், நான் ஊரெல்லாம் கெஞ்சித் தயார் பண்ணி வைத்த சாட்சிகளை எல்லாம் ஒரே பேச்சில் தள்ளிவிட்டு, எதிராளியைக் கூப்பிட்டுச் சாட்சி சொல்ல வைத்திருக்கிறாள். அதோடு விட்டாளா? படிப்பு எப்போது முடியும் என்று அவர் கேட்டதற்கு, "இன்னும் ஒரு வருஷம், அந்தப் பொண்ணு அதை நிறுத்தாது, எனக்கு நல்லாத் தெரியும்" என்றாளாம். கோபம் வருமா என்று கேட்டதற்கு, வரும் என்றாளாம். ரொட்டி வட்டமாக வருமா என்று கடைக்காரர் சொன்னதைச் சரிபார்த்ததற்கு, "இதுவரைக்கும் வந்ததில்ல" என்றாளாம். எல்லாம் முடிந்து, ஆய்வுக்குச் சம்மதம் என்று தாளில் கையெழுத்து வாங்கி, கீழே தன் பெயரையும் எழுதி நீட்டியிருக்கிறாள். மனிதர் பெயரை வாசித்தார், அவளைப் பார்த்தார், மறுபடியும் பெயரை வாசித்தார், எழுந்து நடந்தார். குடை மடுவத்திலேயே கிடந்தது. கம்பி கழன்றது அந்த அவசரத்தில்தான்.

"நீ என்னத்தைச் சொன்ன வேலாயி?" என்று கேட்டேன்.

"உள்ளதைச் சொன்னேன். எனக்கும் அந்த வீட்டுக்கும் ஆகாது. குழாயடியில நானும் அந்தப் புள்ளயும் போடாத சண்டை இல்ல. ஆனா நேருக்கு நேரா நின்னுதான் போடும், முதுகுக்குப் பின்னால ஒரு வார்த்தை பேசாதுன்னேன். போதுமா?" என்று சொல்லிவிட்டு, போகிற போக்கில் எங்கள் குழாயை இறுக்கி மூடிவிட்டுப் போனாள்.

மகளிடம் போய், அந்த ஆள் வேறு என்னவெல்லாம் கேட்டார் என்று விசாரித்தேன். "அதைச் சொல்ல மாட்டேன்ப்பா. கேட்டு வந்தவங்க என்ன கேட்டாங்கன்னு வெளியில சொல்லக் கூடாது, அதுதான் எங்க தொழில்ல முதல் ஒழுங்கு" என்றாள். கேட்டது அவளைப் பற்றி, சொன்னதும் அவள், நான் அவளைப் பெற்றவன், எனக்குச் சொல்ல மாட்டாளாம். பொறுக்க முடியாமல் அவளுக்குத் தெரியாமல் பேராசிரியர் குணரத்தினம் அவர்களுக்கே போன் போட்டேன். யாழ்ப்பாணத்து மனிதர், மிகவும் மரியாதை. நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் பிள்ளை சொல்லும் சேர் என்று கெஞ்சினேன். "ஐயா, அவ சொல்லாமல் விட்டதுதான் சரி. சொல்லியிருந்தால்தான் நான் அவவோட கதைக்க வேண்டி வந்திருக்கும்" என்றார். பிறகு கொஞ்சம் யோசித்து, "அது சரி, அந்த ஆள் பதிலில திருப்திப்பட்டவரோ?" என்று கேட்டார். அதுதான் சேர் எனக்கும் தெரியவில்லை என்று வைத்துவிட்டேன்.

உண்மையான ஆள் சிவசாமி என்றால் அந்தத் தங்கப்பல் யார்? கோழி தின்ன வந்த ஏமாற்றுக்காரன் என்று புரிந்ததும் இரத்தம் கொதித்தது. நம்பரை அடித்து, மனிதர் ஹலோ என்னும் முன்னே தொடங்கினேன். டிப்போவில் கற்றுக்கொண்டு இத்தனை நாள் பாவிக்காமல் வைத்திருந்த வார்த்தைகள் எல்லாம் வெளியே வந்தன. மாட்டைத் திருப்பிக் கொண்டுவந்து கட்டாவிட்டால் உன் தங்கப்பல் தங்காது என்று முடித்தேன். ஒரு வார்த்தை பதில் பேசவில்லை, திருட்டு ஆள். மகளிடம் சொன்னேன். அவளோ, "அப்பா, மாடு வாங்க வந்தவரு மாட்டோட பல்லைப் பார்க்காம ஏன் என் போட்டோவைப் பார்த்தாரு?" என்று கேட்டாள். எல்லாவற்றுக்கும் ஒரு கேள்வி.

ஆனால் ஒன்று சொல்கிறேன் மச்சான், கடையில் யாரும் இல்லாத நேரத்தில் வாசியுங்கள். கோபத்தில் அவளைத் திட்டிவிட்டேன். உன் நல்லதுக்குத்தானே நாலு வார்த்தை கூட்டிச் சொன்னேன் என்றேன். அவள் சத்தம் போடவில்லை. "பொய்யை நம்பி அவங்க என்னைக் கூட்டிட்டுப் போனா, போன நாள்ல இருந்து நான் அந்தப் பொய்யையும் சேர்த்துக் காப்பாத்தணும்ப்பா. எனக்கு ஆய்வேடு ஒன்னே போதும்" என்றாள். எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. இந்த இடம் தட்டிப்போனால், படித்த பெண், வாய் நீளம் என்று ஊர் பேசும். இந்த இடத்துக்காகப் படிப்பை விட்டால், அவள் முகத்தை என்னால் பார்க்க முடியாது. மாடு போனதைவிட, கோழி போனதைவிட, இதுதான் என்னைத் தின்கிறது.

ஆகவே தாங்கள் கடையை ஒரு நாள் அக்காவிடம் விட்டுவிட்டு, இந்தக் குடையை எடுத்துக்கொண்டு நானுஓயாவுக்குப் போக வேண்டும். குடை கொடுக்க வந்த மாதிரிப் போய், பேச்சோடு பேச்சாக, மடுவத்தில் இருந்தது வேறு ஒரு சுலக்ஷனா என்று சொல்லிப் பாருங்கள், அந்தப் பெயரில் நிறையப் பிள்ளைகள் இருக்கிறார்கள். அது எடுபடாவிட்டால், பிள்ளைக்கு அன்று காய்ச்சல் என்று சொல்லுங்கள். படிப்பைப் பற்றி நீங்களாக ஒன்றும் பேச வேண்டாம். செல்லசாமி அவர்களிடம் நான் கைகூப்பியதாகச் சொல்லுங்கள். நானுஓயாப் பக்கம் தங்கப்பல் வைத்த ஒருவன் சிவப்பு மாட்டோடு திரிந்தால் விடாமல் பிடித்து எனக்குச் சொல்லி அனுப்புங்கள்.

அக்காவுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு என் ஆசீர்வாதம். உங்கள் தராசு என்றும் நேராக நிற்க அம்மன் அருள வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் அன்பு மச்சான்,
கந்தப்பன்

பி.கு.: ஒட்டின கவரைப் பிரிச்சு எழுதுறேன் மச்சான். எங்கேயும் போக வேணாம், யாருகிட்டயும் ஒன்னும் பேச வேணாம், மேலே எழுதினது எதையும் செய்ய வேணாம். காலையில இதை ஒட்டிட்டு ரோட்டோரம் நின்னேன், மண் சரிஞ்சு கிடந்ததால மஸ்கெலியா பஸ் வரவே இல்ல. பஸ்ஸுக்குப் பதிலா ஒரு லொறி வந்து நின்னுச்சு. பின்னால சிவப்பி, கழுத்துல மஃப்ளர். முன்னால இருந்து இறங்கினவரு அதே தங்கப்பல். நான் சட்டைக் கையைச் சுருட்டிக்கிட்டுப் போனேன். அவரு ரெண்டு கையையும் கூப்பினாரு.

"நான்தாங்க செல்லசாமி. பையனோட அப்பா."

தங்கப்பல்னு வாசிச்ச இடத்துலயே உங்களுக்கு விளங்கியிருக்கும், சிரிச்சிருப்பீங்க. எனக்குப் பக்கத்துல இருந்த தண்ணிக் கானுக்குள்ள இறங்கிடலாம் போல இருந்துச்சு. அவரு என்னைவிட வெட்கப்பட்டாரு. "என் மச்சான் சிவசாமி சொன்னா அதுல பாதியைத்தாங்க நம்பலாம், அதான் அவருக்குத் தெரியாம நானும் கிளம்பினேன். வந்த இடத்துல மாடு வேணாம்னு சொல்ல வாய் திறந்தேங்க, நீங்க விடல" என்றாரு. சிவப்பி அங்க போய்ப் பக்கத்து வீட்டு லீக்ஸ் பாத்தியை முழுசா முடிச்சுட்டு கரட் பாத்திக்குப் போயிருக்கு. என்ன சொல்லி மாட்டைத் திருப்பிக் கொடுக்கிறதுன்னுதான் இத்தனை நாளும் அந்த வீட்டுல ஆலோசனை, அதுதான் சத்தமே இல்லாம இருந்திருக்காங்க. நான் போன்ல திட்டினதைப் பத்தி மன்னிப்புக் கேட்டேன். "அதுல பொய் ஒன்னும் இல்லீங்களே, கோழி தின்னது நான்தானே. என் சம்சாரம் ஸ்பீக்கர்ல போடச் சொல்லி முழுசாக் கேட்டா" என்றாரு. அவங்க வீட்டுலயும் ஸ்பீக்கர்தான் மச்சான்.

லொறியில இருந்து பிரதாப் தம்பியும் இறங்கினாரு. வங்கிக்குப் போற சட்டை முழுக்கச் சாணி. "அப்பா கேட்டுட்டு வந்ததும் மாமா கேட்டுட்டு வந்ததும் ஒன்னுக்கொன்னு பொருந்தல, அதான் நேர்ல கேட்கலாம்னு" என்றாரு. சுலக்ஷனா வாசல்ல நின்னுக்கிட்டு, பழக்க தோஷத்துல, "உங்களுக்கு என்ன தெரிஞ்சுக்கணும்?" என்றா.

"உங்க கடைசிப் பரீட்சை எந்த மாசம்?"

"அடுத்த வருஷம் ஆவணியில. ஏன்?"

"அதுக்குப் பிறகு கல்யாணத்துக்கு ஒரு நல்ல நாள் பார்க்கணும்னு அம்மா சொன்னாங்க. குறையையும் தானே சொன்ன பொண்ணாம், இதை விடக் கூடாதுன்னுட்டாங்க."

அவங்க டீ குடிச்சிட்டுப் போனதும், உன் முடிவு என்னம்மான்னு கேட்டேன். "ரெண்டு பேரு தனித்தனியா வந்து விசாரிச்சிருக்காங்க, பொருந்தலைன்னதும் மூனாவது ஆளு நேர்லயே வந்திருக்காரு. நல்ல குடும்பம்தான்ப்பா, எனக்குச் சம்மதம்" என்றா. எனக்குக் கண்ணு கலங்கிப்போச்சு மச்சான், சொல்ல என்ன வெட்கம். உங்க தங்கச்சி சிவப்பியோட கழுத்தைக் கட்டிக்கிட்டு என்னைப் பார்த்து, "போய்த் தண்ணி கொண்டாங்க, மாட்டுக்கு" என்றா. மாட்டுக்குத்தான்னாலும் என்கிட்டத்தான் சொன்னா. குழாயடியில வேலாயி நின்னா, ஒரு வார்த்தை பேசாம எனக்கு வழி விட்டா.

இந்தக் கடிதத்தைக் கிழிச்சுப் போடப் பார்த்தேன், எழுதினதைக் கிழிக்கக் கூடாது, அதுவும் ஒரு ஆவணம்தான்னு மகள் பிடுங்கிக்கிட்டா, அதனாலதான் அப்படியே வருது. குடை மட்டும் வராது. செல்லசாமி சம்பந்தியே அதைக் கொண்டுபோக மாட்டேன்னுட்டாரு, கொண்டுபோனா அவரு இங்க வந்தது சிவசாமிக்குத் தெரிஞ்சுபோகுமாம். நீங்களும் யாருக்கும் சொல்லாம வந்து இதெல்லாம் உண்மையான்னு விசாரிக்க நினைச்சா, நேரா வீட்டுக்கே வாங்க மச்சான். மாடு விலைக்கு இல்ல.